தேன் கண்ணும் முத்துக் கண்ணும்

கல்யாணமான புதிதில் கைசர் ஜஹானுக்குப் புறாக்களைக் கண்டாலே ஆகாது. புருஷன் நசீர் அகமது தேரடித் தெருவில் தகரப் பட்டறை வைத்திருந்தான். டிரங்குப் பெட்டி, வாளி, புனல், எண்ணெய் அளக்கிற படி என்று நாள் பூராவும் தட்டிவிட்டு வருகிறவன், வந்ததும் வராததுமாக மாடிக்கு ஏறிவிடுவான். இவள் போட்ட டீ கீழே ஏடு கட்டி ஆறிக் கிடக்கும். மேலே அவன் புறாக்களோடு பேசிக்கொண்டிருப்பான். இவளோடு பேசுவதைவிட அதுகளோடு பேசியதுதான் ஜாஸ்தி.

அவன் வளர்த்தது கர்ணப்புறா. சும்மா பறக்கிற புறா இல்லை அது. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். சிலது ஒன்று போட்டு நிறுத்திக்கொள்ளும். சிலது ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே விழுந்து, பாதி வழியில் தன்னைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறும். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் பல பேர் இருந்தார்கள். ஆனால் பேர் சொல்லும்படி இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நசீர். இன்னொருவர் கீழ்பென்னாத்தூர் பஸ் ஓட்டிய பரசுராமன்.

நசீருடையது உயரம் போகிற வர்க்கம். காலையில் விட்டால் மலைப் பக்கத்துக் காற்றைப் பிடித்து ஏறி, கடுகளவாகி, வெயில் உறைத்த பிறகுதான் இறங்கும். கர்ணம் மட்டும் எப்போதாவது ஒன்று. அவன் அப்பா வாணியம்பாடியிலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்த ஜோடியில் தொடங்கிய வம்சம் அது. ஒவ்வொன்றுக்கும் கண் தேன் நிறத்தில் இருக்கும். பரசுராமனுடையது நேர் எதிர். உயரம் போகாது, ஆனால் கர்ணம் போட ஆரம்பித்தால் பார்க்கிறவனுக்கு எண்ணி மாளாது. கண் முத்து மாதிரி வெள்ளை. ஒரு தடவை நசீரின் பெட்டை ஒன்று வழி தவறிப் பரசுராமன் மாடிப் பக்கம் போய், திரும்பவே இல்லை. அவர் பிடித்து வைத்துக்கொண்டார் என்றான் நசீர். பைரிப் பருந்து அடித்துக்கொண்டு போனதற்கு நானா பொறுப்பு என்றார் பரசுராமன். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

எழுபத்தொன்பதில் சவூதிக்கு ஆள் எடுத்தார்கள். பெரிய பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்றுக் குழாய் செய்ய, தகரம் வெட்டத் தெரிந்தவர்கள் வேண்டுமாம். நாலு வருஷ ஒப்பந்தத்தில் நசீர் கிளம்பினான். பட்டறையையும் புறாக்களையும் தம்பி ரியாசுதீனிடம் ஒப்படைத்தான். மகள் வஜீதா அப்போது கைக்குழந்தை. குழந்தைக்கு முத்தம் கொடுத்து இறக்கிவிட்டு, வாசல்படியில் நின்று அவன் கடைசியாகச் சொன்னது புறாக்களைப் பற்றித்தான்.

"வெளி ரத்தம் உள்ள வரவே கூடாது. பத்து இருந்தாலும் சரி, ரெண்டு இருந்தாலும் சரி, நம்ம வர்க்கமாவே இருக்கணும்."

கைசர் ஜஹான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று அவளுக்கு இருந்தது.

ரியாசுதீன் நல்ல பையன்தான். ஆனால் புறா அவனுக்குச் சுமை. சில நாள் தீனி போடுவான், சில நாள் மறப்பான். பசித்த புறாக்கள் கூண்டுக்குள் இறக்கை அடிக்கிற சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். வாயில்லா ஜீவன் வயிறு காய்ந்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஒருநாள் கம்பை முறத்தில் அள்ளிக்கொண்டு வேண்டா வெறுப்பாக அவளே ஏறினாள். கூண்டைத் திறந்தாள். அதுகள் அவளைத் தாண்டி விருட்டென்று வெளியே போயின. பதறிப்போனாள். தொலைந்தது எல்லாம், அவன் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஓடினாள்.

புறாக்கள் பெரிய கோபுரத்துக்கு மேலே ஒரு சுற்று, அதற்கு மேலே இன்னொரு சுற்று என்று ஏறின. சூரியன் இன்னும் வீட்டுக் கூரைகளுக்கு மேலே எழும்பாத நேரம். கீழே நிழல், மேலே வெயில். அந்த வெயிலுக்குள் போனதும் ஒவ்வொன்றும் பளிச்சென்று வெள்ளையானது. ஒன்று மட்டும் தலைகுப்புற ஒரு கர்ணம் போட்டு, ஒன்றுமே நடக்காததுபோலக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. அவளை அறியாமல் "ஹா!" என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு தினமும் அவள்தான். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாடிக்குப் போவாள். பசியோடு விட்டால்தான் பறக்கும், தின்ற வயிற்றோடு விடக்கூடாது என்பதெல்லாம் தானாகப் பிடிபட்டது. மூங்கில் கம்பை ஆட்டிப் பயமுறுத்திக் கிளப்புவது அவளுக்குப் பிடிக்கவில்லை. கை தட்டிப் பழக்கினாள். எதிர்வீட்டு பீபி ஜானுக்கு இது பொறுக்கவில்லை.

"புருஷன் ஊர்ல இல்ல, பொம்பள மாடியில நின்னு கை தட்டுறா. நல்லாவா இருக்குது?"

"உங்க மாடியில காயப்போட்ட மொளகாய எங்க புறா தின்னுச்சா மாமி? தின்னா சொல்லுங்க, கூண்டுல போட்டுடுறேன்" என்றாள் கைசர் ஜஹான். பீபி ஜான் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வருஷம் கழுத்து திருகுகிற சீக்கு வந்தது. புறா தலையைத் திருப்பிக்கொண்டு வட்டம் சுற்றும்; தீனியைக் கொத்தினால் அலகு தரையில் வேறெங்கோ படும். பூண்டு தட்டி ஊட்டினாள், தண்ணீரில் மஞ்சள் கரைத்து வைத்தாள். பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியவை எல்லாம் ஒரே கூட்டில் பிறந்தவை, அல்லது அதுகளின் பிள்ளைகள். ஜோடி போட்டாள். முட்டை வந்தது. ஆனால் வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு நரம்பு ஓடவில்லை. எல்லாம் கூமுட்டை. தப்பித் தவறிப் பொரிந்த ஒரு குஞ்சும் கால் வளைந்து கிடந்தது; ஒரு வாரம் தாங்கவில்லை.

நசீர் அங்கிருந்து எழுதும்போதெல்லாம் புறா எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பான். நல்லாயிருக்கு என்றே ரியாசுதீனை எழுதச் சொன்னாள். பாலைவனத்தில் கிடக்கிற மனுஷனிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

கால் வளைந்த குஞ்சைப் புதைத்த மறுநாள் வஜீதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் பரசுராமன் வீட்டுக்கே போனாள். அவர் சட்டை இல்லாமல் வாசலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் எழுந்து துண்டைத் தேடினார். அவர் மனைவி ஜோதியம்மாள் உள்ளேயிருந்து வந்து, "வாம்மா, உக்காரு" என்று பாயை விரித்தாள்.

"உக்கார வரலக்கா. அண்ணங்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன். எங்க வீட்டுப் புறாங்க முட்டையிலயே செத்துப்போவுது. உங்க வர்க்கத்துல ஒரு ஆண் வேணும்."

பரசுராமனுக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

"உன் வூட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுண்ணே."

"தெரிஞ்சா கொன்னே போட்டுடுவாரு. உன்ன இல்ல, புறாவ."

"இல்லாத புறாவ எப்டிக் கொல்றது? நாலு வருஷம் கழிச்சி வந்து அவரு வெறுங்கூண்டப் பாக்கணுமா?"

அவர் மேலே போய், முத்துக் கண்ணோடு ஒரு கருப்பு ஆணைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதை அவள் கையில் வைக்குமுன் ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்க. எங்க ரத்தம் கம்மியா போனா கர்ணம் வராது. ஜாஸ்தியா போனா நிறுத்தத் தெரியாது. சுத்திக்கினே வந்து தரையில மோதிச் செத்துடும். எங்கூட்டு மாடியில நான் வாரியெடுத்த புறாவுக்குக் கணக்கே இல்ல."

அந்த ஆணை ஒரு தேன் கண் பெட்டையோடு போட்டாள். முட்டையில் நரம்பு ஓடியது. இரண்டு குஞ்சும் கொழுகொழுவென்று வளர்ந்தன, பறந்தன, உயரமும் போயின. கர்ணம் மட்டும் வரவே இல்லை. வாலை விரித்து விரித்து மடக்குமே தவிர, கவிழாது. பரசுராமன் வண்டி இல்லாத நாளில் தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "என் ரத்தம் எங்கதாம்மா போச்சி?" என்று கேட்டார்.

"உள்ள ஒளிஞ்சிருக்குதுண்ணே" என்றாள்.

எதை வைத்து அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அந்த இரண்டில் பெட்டையானது பெரிதானதும் அதை அதன் அப்பனான அதே கருப்பு ஆணோடு சேர்த்தாள். இந்தத் தடவை இரண்டு ஈட்டில் வந்த மூன்று குஞ்சுகளும் வேறு தினுசு. முதல் குஞ்சு இறக்கை முற்றுவதற்குள் கர்ணம் போட ஆரம்பித்தது. அவள் கை தட்டி ஆரவாரம் செய்தாள். ஒருநாள் காலை அது உச்சியிலிருந்து சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே வந்தது. போதும், போதும் என்று அவள் கத்தினாள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதிய சத்தம் மட்டும்தான் கேட்டது.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உசிர் கொடுக்கிறேன் என்று போய் உசிர் எடுத்துவிட்டேனே என்று அழுதாள். அந்த ஆணைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கூடைகூட எடுத்து வைத்தாள். அண்ணியை ரியாசுதீன்தான் தடுத்தான். "அவசரப்படாதீங்க பாபி. மிச்சம் ரெண்டு இருக்குது இல்ல? அதுங்க எப்டின்னு பாருங்க."

அந்த இரண்டும் பெட்டை. ஒன்று கருப்பில் ஜரிகை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி போட்டது. அதை ஜரி என்று கூப்பிட்டாள். மற்றது செவலை. இரண்டுமே அப்பனைப்போலச் சுற்றின, அம்மாவைப்போல ஏறின. முக்கியமானது என்னவென்றால், நிறுத்தின. ஜரி உச்சியில் ஒரு புள்ளியாக இருக்கும். அங்கிருந்து கவிழ்ந்து, பம்பரமாகச் சுற்றிக்கொண்டு இறங்கி, யாரோ கயிறு போட்டு இழுத்ததுபோல டக்கென்று நின்று, இறக்கையைப் படபடவென்று அடித்து மறுபடி மேலே போகும். கிரிவலம் வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அடி அண்ணாமலையிலிருந்து பூக்கூடையோடு வந்த ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து நின்றாள். புறாப் பந்தயக்காரர்கள் தெருவில் சைக்கிளை நிறுத்தினார்கள். "நசீர் பாய் புறாவாடா இது?" என்று ஒருவன் கேட்க, "இல்ல, பாயம்மாவோடது" என்று இன்னொருவன் சொன்னது மாடிக்குக் கேட்டது. அன்று முழுக்க அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்துமூன்றாம் வருஷம் ஐப்பசியில் நசீர் லீவில் வந்தான். உடம்பு கருத்து, முன்நெற்றி ஏறியிருந்தது. வஜீதா அவனைக் கண்டதும் கைசர் ஜஹானின் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா அது?" என்றாள். அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. பெட்டியைக்கூடத் திறக்காமல் மாடிக்குப் போனான். கைசர் ஜஹான் பின்னாலேயே போனாள்.

கூண்டுக்குள் கைவிட்டு முதலில் அகப்பட்டதைப் பிடித்தான். ஜரி. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தலையைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தான். வெள்ளைக் கண், ஓரத்தில் மட்டும் தேன் வளையம்.

"யாரு கண்ணு இது?"

"நம்மளுதுங்க."

"நம்மளுது இல்ல. எனக்குத் தெரியும் யாருதுன்னு." அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "எல்லாமே மாறிப்போச்சி இல்ல? பொண்ணு யாருன்னு கேக்குது. புறா கண்ணு எவனோடதோ. நான் எதுக்கு வந்தேன்?"

"உங்க வர்க்கம் அழிஞ்சி போச்சிங்க. முட்டையே பொரியல. வேற வழி தெரியாமதான்…"

"ஏன் சொல்லல?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அவன் புறாவை உள்ளே விட்டுவிட்டுக் கீழே போய்விட்டான்.

அதன்பிறகு மாடிப் பக்கமே வரவில்லை. பட்டறைக்குப் போனான், பள்ளிவாசலுக்குப் போனான், சொந்தக்காரர்களைப் பார்த்தான். அவள் காலையில் கை தட்டுகிற சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். எல்லாவற்றையும் விற்றுவிடு என்று ஒருநாள் சொன்னான். "மாட்டேங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் சொன்ன முதல் மாட்டேன் அதுதான்.

ஒருநாள் மத்தியானம் பரசுராமன் அவனைத் தேரடியில் பார்த்துவிட்டார். பழசை மறந்து, மனசில் ஒன்றும் இல்லாமல், "இன்னா பாய், நம்ம புறாங்க எப்டி கீது?" என்று கேட்டுவிட்டார். அந்த 'நம்ம' நசீருக்கு வெந்த புண்ணில் வேலாகப் பாய்ந்தது. விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தான், மாடிக்கு ஏறினான், கூண்டைத் திறந்தான். மூலையில் கிடந்த பழைய மூங்கில் கம்பை எடுத்துச் சுழற்றினான். "போங்க! எங்கேர்ந்து வந்தீங்களோ அங்கயே போங்க!"

கைசர் ஜஹான் அப்போதுதான் தீனி போட்டுத் தண்ணீர் காட்டிவிட்டுக் கீழே வந்திருந்தாள். கம்பின் சத்தம் கேட்டதும் மாவுக் கையோடு ஓடினாள். "வேணாங்க! இப்பத்தான் தின்னுதுங்க! வயிறு ரொம்பி இருக்குது!"

அதற்குள் எல்லாம் மேலே போய்விட்டன. தொண்டைப் பை கனத்த புறாக்கள் உயரம் ஏற முடியாமல் திணறின. ஜரி பழக்க தோஷத்தில் கவிழ்ந்தது. உயரம் போதவில்லை, தீனியின் பாரம் வேறு. நிற்கிற இடத்தில் அதனால் நிற்க முடியவில்லை. நசீர் கம்பைப் போட்டுவிட்டுக் கையை ஏந்திக்கொண்டு ஓடினான், ஏதோ பிடித்துவிடலாம் என்பதுபோல. அது எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் மோதி, தெருவில் விழுந்தது.

அவனே இறங்கிப் போய் எடுத்துவந்தான். இன்னும் சூடு இருந்தது. சின்ன வயதில், தீனி தின்ற புறாவை எவனாவது பறக்கவிட்டால் அவனை அடிக்கப் போனவன் நசீர். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. அவள் புறாவை வாங்கி முந்தானையில் வைத்துக்கொண்டாள்.

அவன் கூண்டோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அங்க ஒரு ஷெட்டு. நாப்பது பேரு படுப்போம். சாயங்காலம் வேல முடிஞ்சதும் கண்ண மூடிப்பேன். மனசுலயே இந்தக் கூண்டத் தொறந்து விடுவேன். ஒண்ணொண்ணா எண்ணுவேன். எல்லாம் தேன் கண்ணு. ஒண்ணு கம்மியானாலும் தூக்கம் வராது. நாலு வருஷமா செத்துப்போன புறாங்களப் பறக்க உட்டுக்கினு இருந்திருக்கேன்."

"அதுக்காகத்தாங்க சொல்லல" என்றாள் அவள். இப்போது சொல்ல முடிந்தது. சொன்னதும் அவளுக்கும் அழுகை வந்தது. வஜீதா படியில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாளோ, வந்து அப்பாவின் தோளில் கையை வைத்தாள்.

சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டுப் பரசுராமன் வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார். நசீர் போய், "உள்ள வாங்க" என்றான். இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். செத்ததைப் பற்றியோ, பழைய பெட்டையைப் பற்றியோ யாரும் பேசவில்லை. டீசல் விலை, சவூதி வெயில் என்று ஏதேதோ பேசினார்கள். எழுந்து போகும்போது பரசுராமன், "அந்தப் புறா நின்ன நிப்பு என் வர்க்கத்துல எதுவும் நிக்கல பாய். தங்கச்சி கைராசி அது" என்றார். நசீர் தலையை ஆட்டினான்.

ஜரி இல்லாமல் கூண்டைத் திறக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒருநாள் போனது, இன்னொரு நாளும் போனது. அதற்கடுத்த காலை, அவளுக்கு முன்னாலேயே எழுந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான் நசீர்.

"விடலியா?"

"விடணுங்க."

மேலே போனதும் பழக்கத்தில் அவன் கை மூங்கில் கம்பை எடுத்தது.

"கம்பு வேணாங்க. கை தட்டினா போதும்."

ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினான். புறாக்கள் கிளம்பின. கோபுரத்தைத் தாண்டி, நிழலைத் தாண்டி, வெயிலுக்குள் போயின. செவலை உச்சிக்குப் போய்க் கவிழ்ந்தது. சுற்றியது. நசீரின் கை அவன் அறியாமலே கைசர் ஜஹானின் முழங்கையைப் பிடித்தது. செவலை டக்கென்று நின்று ஏறியதும் மூச்சை விட்டான்.

"இத எதுக்கும் எதுக்கும் போட்டு எடுத்த? மொதல்லேர்ந்து சொல்லு."

அவள் சொன்னாள். எந்தப் பெட்டை, எந்த ஆண், எது கவிழவில்லை, எது தொட்டியில் மோதியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவன் நடுநடுவே கேள்வி கேட்டான். கீழே அடுப்பு பற்றவைக்கவே இல்லை. ரியாசுதீன் பசியோடு பட்டறைக்குப் போனான்.

மிச்சமிருந்த லீவு முழுக்க இரண்டு பேருக்கும் சண்டைதான். ஆனால் வேறு மாதிரிச் சண்டை. செவலைக்கு இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும், வாணியம்பாடியில் மாமு வீட்டில் பழைய தேன் கண் ஆண் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைக் கொண்டுவந்து போடு என்றான் அவன். அப்படிச் செய்தால் கர்ணம் மறுபடி ஓடி ஒளிந்துகொள்ளும், பரசுராமன் வீட்டு நீல ஆண்தான் சரி என்றாள் அவள். சோற்றில் கை வைத்தபடி பேசினார்கள், தீபத்துக்கு வந்த கூட்டத்தில் நெரிசலுக்கு நடுவே பேசினார்கள்.

லீவு முடிந்து மெட்ராஸ் பஸ்ஸில் அவனை ஏற்றிவிட எல்லோரும் போனார்கள். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வஜீதாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பஸ் நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"நீலம் வேணாம்! ஜாஸ்தியா சுத்தும்! சொன்னாக் கேளு!"

"நீங்க போய்ட்டு வாங்க!" என்று அவளும் கத்தினாள். "நான் பாத்துக்கறேன்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான்.

அந்த மாசமே நீல ஆணையும் செவலையையும் ஜோடி போட்டாள். அவன் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஒரு குஞ்சு அளவுக்கு மீறிச் சுற்றியது, அதைப் பறக்கவிடாமல் கூண்டிலேயே வைத்துக்கொண்டாள். மற்றது நல்லபடியாக வந்தது. இந்தத் தடவை இரண்டையுமே மறைக்காமல் எழுதச் சொன்னாள். வாணியம்பாடிக்கு ஆள் அனுப்பி மாமு வீட்டு ஆணையும் வாங்கி வந்து, வேறொரு பெட்டையோடு போட்டு வைத்தாள். எது சரி என்று அவன் அடுத்த லீவில் வந்து தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.